புரிவரிக் குழல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தொழிலினன் ஒருவன் துப்பாக்கியைப் பற்றிப் பேசப் புகுந்தது உங்களிற் சிலர்க்கு வியப்பாக இருத்தல் கூடும். யான் படைக்கலத்தைப் புகழ வந்தேன் அல்லேன். ஓர் இருப்புக் குழலின் உட்புறத்தே இட்ட சில கீறல்கள் போர்முறையையும், அரசுகளின் வலிமையையும், நம் நாட்டின் வரலாற்றையுங்கூட எவ்வாறு மாற்றின என்பதை எடுத்துரைத்து, அதனின்று நம் பிள்ளைகள் கற்கத் தக்கது யாது என்று ஆராய்வதே என் நோக்கமாகும்.

முதற்கண் பெயரை நோக்குவாம். துப்பாக்கி என்பது துருக்கிச் சொல்லின் வழிவந்தது என்பர். ரைபிள் என்பதோ காரணப் பெயர். கீறுதல், பள்ளம் இடுதல் எனப் பொருள்படும் வினையினின்றும் அது பிறந்தது. ஆகவே எல்லாத் துப்பாக்கியும் ரைபிள் ஆகா. குழலின் உட்சுவரில் வரிவரியாகப் பள்ளம் வெட்டப்பெற்றதே ரைபிள் எனப்படும். அவ்வரிகள் நேராகச் செல்லாது, திருகாணியின் மரைபோலச் சுற்றிச் சுற்றிச் செல்வன. சங்கில் வலம்புரி, இடம்புரி என இருவகை உண்டன்றோ? இவ்வரிகளிலும் வலமாகப் புரிவனவும் இடமாகப் புரிவனவும் உள. அதுபற்றி இதனைப் புரிவரிக் குழல் என்று வழங்குவேன்.

இனி, புரிவரி இல்லாத பழைய குழலின் குறை யாது என்று பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படைவீரர் தாங்கிய மஸ்கெட் துப்பாக்கியின் குழல்வாய் ஏறத்தாழ முக்கால் அங்குலம். அதனுள் இடப்பட்ட ஈயக் குண்டோ அதனினும் சிறியது; ஏறத்தாழ 0.69 அங்குலமே. மருந்து வெடித்தபின் குழலில் கரி படியுமாதலால், குண்டு சிறிதாக இருந்தாலன்றி அடுத்த முறை விரைந்து உள்ளே செல்லாது. எனவே இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. அவ்விடைவெளியே கேட்டிற்குக் காரணமாயிற்று. மருந்து வெடித்தவுடன் குண்டு குழலின் ஒருபக்கச் சுவரில் மோதி, மறுபக்கத்திற்குத் தாவி, இவ்வாறு தத்தித் தத்தி வெளியேறும். கடைசியாக எப்பக்கம் உராய்ந்ததோ அதற்கேற்ப ஒரு சுழற்சியையும் பெறும். அச்சுழற்சி ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம், ஒரு முறை மேல்நோக்கி என மாறி மாறி அமையும். குறிபார்ப்பவன் எவ்வளவு திறமையுடையவன் ஆயினும், குழலின் வாயை விட்டகன்ற குண்டு அவன் வயத்ததன்று.

இதனால் 80, 100 கெஜத்துக்கு அப்பால் ஒருவனைக் குறித்துச் சுடுதல் வீண்முயற்சி ஆயிற்று. 200 கெஜத்தில் நிற்கும் ஒருவனை நோக்கிச் சுடுவதும் வானத்து நிலவை நோக்கிச் சுடுவதும் ஒன்றே என்னும் கருத்துப்பட ஆங்கிலப் படைத்தலைவர் ஜார்ஜ் ஹாங்கர் 1814இல் எழுதினார். படைவீரரைத் தோளோடு தோள் உரச வரிசையாக நிறுத்தி ஒரே காலத்திற் சுடச் செய்ததன் காரணம் இதுவே. ஒருவன் குறி தப்பினும் நூற்றுவர் ஒருங்கே சுடுங்கால் சில குண்டுகளேனும் பகைவர்மேற் பாயும் என்பது அவர் கணக்கு.

குண்டு வழி தவறுவதன் காரணத்தை முதன்முதல் தெளிவுற ஆராய்ந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். 1707இல் பாத் நகரிற் பிறந்த இவர், 1742இல் பீரங்கி நூலின் புதிய விதிகளைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். தொங்கும் மரப்பலகையில் குண்டைப் பாய்ச்சி, பலகை எவ்வளவு ஊசலாடுகின்றது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தவர் இவர். பெரும் கணிதப் புலவராகிய ஆய்லர் 1745இல் அந்நூலை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து உரையும் எழுதினார் எனின், அதன் பெருமையை வேறு கூறவும் வேண்டுமோ?

ராபின்ஸ் செய்து காட்டிய சோதனைகளில் இரண்டைக் கூறுவேன். ஒரு மரப்பந்தை இரட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கயிற்றை முறுக்கினார். பின் பந்தை ஊசல்போல விட்டார். முறுக்கு அவிழுந்தோறும் பந்து சுழன்றது. சுழலுந்தோறும் நேர்வழியை விட்டு ஒருபக்கமாக விலகியது. இஃது ஒன்று. மற்றொன்று, துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கமாகச் சிறிது வளைத்துச் சுட்டார். இடையிடையே மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்தியிருந்தார். குண்டு முதலில் இடப்பக்கமே சென்றது. பின்னர் வளைந்து நேர்கோட்டைக் கடந்து வலப்பக்கம் சென்றது. வளைந்த குழலின் சுவரில் உராய்ந்து பெற்ற சுழற்சியே இத்திருப்பத்திற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். ஆய்லர் இதனை ஒப்பவில்லை. குண்டு செம்மையான உருண்டையாக இல்லாமையே காரணம் என்றார். ஆயினும், சுழலும் உருண்டையைக் காற்று ஒருபக்கம் தள்ளும் என்பதை 1852இல் மாக்னஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மீண்டும் சோதித்து நிலைநாட்டினார். ராபின்ஸ் கூற்றே வென்றது.

நோய் சுழற்சியே எனின், மருந்தும் சுழற்சியே என்பதுதான் இங்கு வியப்பு. குண்டு சுழலாமற் காக்க இயலாது. ஆதலின் எப்பக்கம் சுழல வேண்டும் என்பதை நாமே வகுத்துவிட வேண்டும். புரிவரிகள் செய்வது இதனையே. வரிகளைப் பற்றிக்கொண்டு முன்னேறும் குண்டு, தான் செல்லும் நேர்கோட்டையே அச்சாகக் கொண்டு சுழலும். அச்சு முன்னோக்கியே இருத்தலின், காற்று அதனை இடமோ வலமோ தள்ளுவதற்கு வாயில் இல்லை. குண்டின் ஒருபக்கம் சற்றுக் கனத்திருப்பினும், அக்கனம் ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழும் பக்கத்தும் மாறி வருதலால் அதன் குறையும் ஈடுசெய்யப்படும்.

நம் சிறுவர் ஆடும் பம்பரத்தை நினையுங்கள். சுழலாத பம்பரம் ஆணியின்மேல் ஒரு கணமும் நில்லாது. சுழலுங்காலோ நிமிர்ந்து நிற்கும். சிறிது தட்டினும் வீழாது. வேகம் தளர்ந்தபோதே தலையாட்டிச் சாயும். குண்டின் நிலையும் அத்தகையதே. இதனாற் பிறிதொரு நன்மையும் விளைந்தது. வரியற்ற குழலில் நீண்ட குண்டை இட்டால் காற்று அதன் தலையைப் புரட்டிக் குட்டிக்கரணம் அடிக்கச் செய்யும். ஆதலால் உருண்டையே இடவேண்டியிருந்தது. சுழற்சி வந்தபின், முன்புறம் கூர்ந்து நீண்ட குண்டும் நிலைபெயராது செல்லலாயிற்று. உருண்டையும் நீள்குண்டும் ஒரே குறுக்களவின எனின், நீள்குண்டு எடை மிக்கது. காற்றின் தடையைக் கிழித்துத் தன் வேகத்தை நெடுந்தூரம் காக்க வல்லது. குறி தப்பாமை, நெடுந்தொலைவு என்னும் இரண்டு பேறுகளும் ஒரே புரியிற் பிறந்தன.

1747இல் ராபின்ஸ், இங்கிலாந்தின் ராயல் சங்கத்தில் புரிவரிக் குழலைப் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். இக்குழலின் இயல்பை நன்கு உணர்ந்து முதலில் தன் படைக்கு வழங்கும் அரசு பிறவற்றினும் பெரிதும் மேம்படும் என்று அதிற் கூறினார். அவ்வறிஞரின் இறுதிக் காலம் நம் தமிழ்நாட்டிலேயே கழிந்தது என்பதை நம்மிற் பலர் அறியார். 1746இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய சென்னைக் கோட்டை 1749இல் ஆங்கிலேயர்க்கு மீண்டபின், கோட்டைகளைச் செப்பம் செய்வதற்குக் கிழக்கிந்தியக் கும்பினியார் ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அனுப்பினர். 1750இல் வந்து சேர்ந்த அவர், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலைத் திங்களில் காய்ச்சலால் உயிர் நீத்தார். தம் வாக்குப் பலித்ததைக் காண அவர் இருந்திலர்.

பலிப்பதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஏன் எனின், புரிவரி புதிதன்று. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே ஜெர்மானியக் கம்மியர் அதனை அறிந்திருந்தனர். ஜெர்மானிய வேட்டைக்காரரும், அமெரிக்கக் காடுகளிற் குடியேறியோரும் அதனை ஆண்டனர். ஆனால் படைகள் ஏற்கவில்லை. குண்டு வரிகளைப் பற்ற வேண்டுமாயின் குழலோடு இறுகப் பொருந்த வேண்டும். இறுகப் பொருந்துமாயின், குழலின் வாய் வழியே அதனை உட்செலுத்துதல் அரிது. எண்ணெய் தோய்த்த துணித்துண்டில் குண்டைப் பொதிந்து, சிறு கொட்டாப்புளியால் தட்டி, திணிகோலால் அமுக்கி இறக்கவேண்டும். பயிற்சி பெற்ற வீரன் ஒரு நிமிஷத்தில் மஸ்கெட்டை மூன்று முறை சுடுவான். புரிவரித் துப்பாக்கியை ஒருமுறை சுடுவதற்கே அவ்வளவு நேரம் செல்லும். எதிரி ஈட்டிமுனையோடு ஓடிவருங்கால் குறியின் நுட்பம் யாருக்கு வேண்டும்? 1800இல் ஆங்கிலப் படை ஏற்ற பேக்கர் துப்பாக்கி ஏழு வரிகளும் 30 அங்குலக் குழலில் கால் சுற்றும் உடையது. அதுவும் தேர்ந்தெடுத்த சில படைப்பிரிவுகளுக்கே வழங்கப்பெற்றது.

இம்முடிச்சை அவிழ்க்கும் வழி, உள்ளே செல்லும்போது தளர்ந்தும், வெளியே வரும்போது இறுகியும் இருக்கும் ஒரு குண்டு. இஃது எங்ஙனம் இயலும்? இங்கேயும் நம் தென்னாடு இடம்பெறுகின்றது. ஆங்கிலப் படையின் 34ஆம் பிரிவைச் சேர்ந்த காப்டன் ஜான் நார்ட்டன் என்பவர் தென்னிந்தியாவில் இருந்தபொழுது, இந்நாட்டார் ஊதுகுழலால் எய்யும் அம்புகளைப் பார்வையிட்டார் என்றும், அவற்றின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி வைக்கப்பட்டிருந்தது என்றும், ஊதும்போது அந்நெட்டி விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக் காற்று வீணே கழியாமற் காத்தது என்றும், அதுகண்டே 1823இல் அடி குடைவான நீள்குண்டு ஒன்றை அவர் அமைத்தார் என்றும் படைக்கல வரலாறு எழுதினோர் கூறுவர். ஆங்கில அரசு அதனை ஏற்கவில்லை. 1836இல் வில்லியம் கிரீனர் என்னும் துப்பாக்கிக் கம்மியரும் அவ்வழியே முயன்றார், அதுவும் தள்ளப்பட்டது. 1849இல் பிரெஞ்சுக் காப்டன் மினியே, அடிக்குடைவில் சிறு இருப்புக் கிண்ணம் பதித்த குண்டைச் செய்தார். மருந்தின் விசை கிண்ணத்தை முன்தள்ள, ஈயம் விரிந்து வரிகளைப் பற்றியது. முன்பு தள்ளிய ஆங்கில அரசே மினியேக்கு 20,000 பவுன் கொடுத்து அவ்வமைப்பைப் பெற்றது. பின்னர் கிரீனருக்கும் 1,000 பவுன் வழங்கிற்று. ஏறத்தாழ 350 ஆண்டுகள் தடையாக நின்ற குறை ஒரு சிறு குடைவினால் நீங்கியது!

1853ஆம் ஆண்டின் என்பீல்டு துப்பாக்கி இவ்வாறு பிறந்தது. குழல்வாய் 0.577 அங்குலம், மூன்று வரிகள், 78 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. 100 கெஜத்துக்கு மேல் பயனற்றதாயிருந்த காலாட்படையின் துப்பாக்கிக்கு இப்போது 900 கெஜம் வரையும் அதற்கு மேலும் குறியளவு பொறிக்கப்பெற்றது. ஆனால் வரிகளில் கரி அடையாமலும் குண்டு எளிதில் இறங்கவும், தோட்டாவின் காகிதத்திற்குக் கொழுப்புப் பூசுதல் வேண்டியதாயிற்று. சிப்பாய்கள் தோட்டாவைப் பல்லாற் கடித்துக் கிழித்தே மருந்தைக் கொட்டுவது வழக்கம். அக்கொழுப்பு பசுவினுடையதும் பன்றியினுடையதும் என்னும் பேச்சு 1857இன் தொடக்கத்தில் கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையினின்றும் பரவியது. மார்ச்சு 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார். மீரத்தில் 85 குதிரைவீரர் தோட்டாவை ஏற்க மறுத்துச் சிறைப்பட்டனர். மே 10இல் அவ்வூர்ப் படை கிளர்ந்தது. அப்பெரும் போருக்குக் காரணங்கள் பல. கொழுப்புத் தோட்டா தீப்பொறியே. ஆயினும் ஒன்று சிந்திக்கத் தக்கது. குழலின் உள்ளே ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தையும் அளந்தறிந்தவர்கள், அதனைத் தாங்கும் மனிதனின் உள்ளத்தை அளந்தறிந்திலர்.

புரியின் நெருக்கம் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதைச் சோதித்தவர் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியறிஞர். நீண்ட குண்டு நிலைபெற மிக்க சுழற்சி வேண்டும் என்று கண்டு, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அறுகோணக் குழல் அமைத்தார். 1857இல் நிகழ்ந்த சோதனையில் அது என்பீல்டை எல்லாத் தொலைவிலும் வென்றது. 1860 ஜூலையில் விம்பிள்டன் என்னுமிடத்தில் விக்டோரியா அரசியார் அத்துப்பாக்கியைத் தாங்கியின்மேல் நிறுத்தி 400 கெஜத்திற் சுட, குண்டு குறியின் நடுவினின்றும் ஒன்றேகால் அங்குலத்தில் தைத்தது.

மாணவச் செல்வர்களே! இங்கு உங்களுக்கு ஒரு கணக்கு. என்பீல்டு குண்டு செகண்டுக்கு ஏறத்தாழ 900 அடி செல்லும். அஃதாவது 10,800 அங்குலம். 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று எனின் செகண்டுக்கு ஏறத்தாழ 138 சுற்று. 1884இல் பிரெஞ்சு நாட்டு வியேய் புகையில்லா மருந்தைக் கண்டபின் குண்டு சிறுத்தது, வேகம் பெருகியது. பிற்காலத்து லீ-என்பீல்டு 0.303 அங்குலக் குழல் உடையது. ஐந்து வரிகள், இடம்புரி, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1910இல் வந்த அதன் குண்டின் வேகம் செகண்டுக்கு 2,440 அடி. கணக்கிட்டால் செகண்டுக்கு 2,900 சுற்றுக்கு மேல் வரும். எப்பம்பரம் இவ்வளவு சுழலும்?

இனி, தொலைவு பெருகியதனால் எல்லாம் கைகூடிற்று என்று கருதுதல் தவறு. மினியே குண்டு மெதுவாகச் செல்வது. ஆதலின் வில்போல உயர்ந்து வளைந்தே இறங்கும். 300 கெஜத்துக்குக் குறியளவு வைத்துச் சுட்டால், இடைவழியில் நிற்பவனின் தலைக்குமேல் குண்டு பறந்துபோம். தொலைவைக் கண்ணால் மதிப்பிடக் கல்லாதவன் கையில் அத்துப்பாக்கி பழைய மஸ்கெட்டினும் சிறந்ததன்று. இதனை உணர்ந்தே ஆங்கிலேயர் 1853இல் ஹைத் என்னும் ஊரில் சுடுபயிற்சிப் பள்ளி நிறுவினர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரும்பாலோர் அத்தகைய பயிற்சி பெறாமையால், புதிய துப்பாக்கியை ஏந்தியும் பழைய தொலைவிலேயே நெருங்கி நின்று சுட்டனர் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் காட்டியுள்ளனர். பயின்ற சிலர் கையிலோ அது வேறாயிற்று. 1864 மே 9இல் ஸ்பாட்ஸில்வேனியா என்னும் களத்தில், இவ்வளவு தொலைவிலிருந்து யானையைக்கூட அவர்களால் அடிக்க இயலாது என்று தம் வீரரை நகையாடித் தேற்றிய ஜான் செட்ஜ்விக் என்னும் படைத்தலைவர், சிறிது நேரத்தில் தொலைவிலிருந்து வந்த குண்டொன்றால் வீழ்ந்தார். கருவி பாதி, கல்வி பாதி.

இன்னும் ஒன்று. குழலின் வரிகள் குண்டின் உடலில் தம் சுவடுகளைப் பதித்தே அனுப்புகின்றன. ஒரு குழலின் நுண்ணிய கீறல் மற்றொன்றன் கீறலை ஒவ்வாது என்பர். ஆதலின் குற்ற வழக்குகளில் இரு குண்டுகளை உருப்பெருக்கியின்கீழ் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எத்துப்பாக்கியினின்றும் வந்தது என்று ஆராய்கின்றனர். குறி தப்பாமைக்காக இட்ட வரியே குற்றவாளியைக் காட்டும் சாட்சியுமாயிற்று.

புரிவரியே முடிந்த முடிபு என்றும் எண்ணற்க. இக்காலத்துக் கவச வண்டிகளில் உள்ள பெரும்பீரங்கிகளிற் பல மீண்டும் வரியற்ற குழலையே உடையன. தடித்த இரும்பைத் துளைப்பதற்கு மிக நீண்டு மெலிந்த கோல் வேண்டும். அத்துணை நீளமானதைச் சுழற்சியால் நிலைநிறுத்தல் அரிது. ஆகவே அதன் வாலில் சிறகு பொருத்துகின்றனர். நம் முன்னோர் அம்பின் அடியில் இறகு கட்டியதும் இதற்காகவே அன்றோ!

அன்பர்களே! இவற்றால் நாம் அறியத் தக்கவை இரண்டு என்பேன். ஊதுகுழல் அம்பின் அடியில் நெட்டி வைத்தவன் யாரோ ஒரு தென்னாட்டு வேடன். காற்றுக் கசியலாகாது என்பது அவன் கைக்குத் தெரியும். அதனைக் கண்ட அயலான் ஏன் என்று வினவினான், விடையை ஏட்டில் எழுதினான், உலகம் அறிந்தது. நம் குடும்பங்களிலும் தச்சிலும் தறியிலும் வயலிலும் இத்தகைய கையறிவு நிரம்ப உண்டு. கைவேலை வேறு, ஏட்டுக்கல்வி வேறு என்று பிரித்துவைத்த நாம், கேட்பாரின்றியும் எழுதுவாரின்றியும் அதனை மாயவிடுகின்றோம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை தன் பாட்டனாரிடம் 'இஃது ஏன் இவ்வாறு?' என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதி வைப்பானாயின், அதுவே நம் சங்கம் செய்யும் பெருந்தொண்டாகும். பெற்றோர்களும், வினவும் பிள்ளையை வாயடக்காது, அறிந்தவற்றை மகிழ்ந்து சொல்லுதல் வேண்டும்.

மற்றொன்று. மஸ்கெட் காலத்து வீரன் தன் பகைவனின் முகத்தைக் கண்டே சுட்டான். தொலைவு வளர வளர, முகம் மறைந்தது. உருவம் மட்டும் எஞ்சியது. பின் அதுவும் ஒரு புள்ளியாயிற்று. முகம் காணாதபோது இரக்கம் தோன்றுதற்கு இடம் குறைகின்றது. சொல்லும் குண்டு போன்றதே. எதிரில் இருப்பவனிடம் கூறத் தயங்கும் கடுஞ்சொல்லைத் தொலைவில் இருப்பவன்மேல் எளிதில் எறிகின்றோம். நம் கை எவ்வளவு தொலைவு எட்டுகின்றதோ, அவ்வளவு தொலைவு நம் கண்ணும் நெஞ்சும் எட்டுதல் வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டி அமைகின்றேன்.